ட்யூப் ஆம்பா, டிரான்சிஸ்டர் ஆம்பா? முதலில் உங்கள் அறையைக் கேளுங்கள்

எலெக்ட்ரிக் கிட்டார் கைக்கு வந்ததும் அடுத்து எழும் கேள்வி, அதன் ஒலியைப் பெரிதாக்கும் ஆம்ப்ளிஃபையர், சுருக்கமாக ஆம்ப், எதை வாங்குவது என்பதுதான். விசாரித்துப் பார்த்தால், நல்ல டோன் வேண்டுமென்றால் ட்யூப் ஆம்பைத் தவிர வேறு வழியே இல்லை என்று ஒரு சாரார் அடித்துச் சொல்வார்கள். அந்தக் காலமெல்லாம் மலையேறிவிட்டது என்று இன்னொரு சாரார் மறுப்பார்கள். இரு தரப்பும் ஆம்புக்குள் இருக்கும் பாகத்தைப் பற்றியே பேசுகிறார்கள். நீங்கள் எந்த அறையில், எவ்வளவு சத்தமாக வாசிக்கப் போகிறீர்கள் என்று கேட்பவர்கள் குறைவு. விடையின் பெரும்பகுதி அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். அது ஏன் என்று விளங்க, ஆம்பின் உள்ளே நடப்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

கிட்டாரின் பிக்கப் என்பது காந்தமும், ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்ட முடியளவு மெல்லிய செம்புக் கம்பியும் சேர்ந்த அமைப்பு. எஃகுத் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் மாறுகிறது. கம்பிச்சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. அது பெரும்பாலும் ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. இந்தச் சின்னஞ்சிறு சிக்னலை ஆம்பின் முதல் பகுதியான ப்ரீஆம்ப் பெரிதாக்கி, பேஸ், மிடில், டிரெபிள் திருகுகளின் வழியே வடிவம் கொடுக்கிறது. அடுத்த பகுதியான பவர் ஆம்ப், ஸ்பீக்கரின் கூம்பை அசைக்கப் போதுமான ஆற்றலைத் தருகிறது. வீட்டில் பாட்டுக் கேட்கும் ஸ்டீரியோ ஆம்ப் ஒலியை மாற்றாமல் பெரிதாக்கினால்தான் நல்ல ஆம்ப். கிட்டார் ஆம்பிடம் நாம் எதிர்பார்ப்பது அதற்கு நேர்மாறு. அது ஒலியை மாற்ற வேண்டும். கிட்டாரும் ஆம்பும் சேர்ந்துதான் முழு வாத்தியம்.

பெரிதாக்கும் வேலையை எது செய்கிறது என்பதில்தான் இரண்டு வகையும் பிரிகின்றன.

ட்யூப் என்பது பழைய வால்வு ரேடியோக்களில் மஞ்சளாக ஒளிர்ந்த அதே கண்ணாடிக் குமிழ். 1906ஆம் ஆண்டு அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட் உருவாக்கிய மூன்று மின்முனைக் குமிழ்தான் அதன் மூதாதை. உள்ளே காற்று கிடையாது. சூடேற்றப்பட்ட கேத்தோடு என்னும் மின்முனையிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பி, சில நூறு வோல்ட் நேர்மின்னழுத்தத்தில் காத்திருக்கும் பிளேட் என்னும் எதிர்முனையை நோக்கிப் பாய்கின்றன. இடையில் கிரிட் என்னும் மெல்லிய கம்பி வலை. கிட்டாரின் சிக்னல் அந்த வலைக்குத்தான் போகிறது. வாய்க்காலில் மடைப்பலகையை விரற்கடை அளவு தூக்கினால் வயலுக்குப் போகும் நீர் எவ்வளவு மாறுமோ, அப்படிக் கிரிட்டில் ஏற்படும் சிறு மாற்றம் பிளேட்டுக்குப் போகும் ஓட்டத்தைப் பெரிதாக மாற்றிவிடுகிறது. கிட்டார் ஆம்புகளின் ப்ரீஆம்பில் பெரும்பாலும் 12ஏஎக்ஸ்7 என்ற சிறு ட்யூபையும், பவர் ஆம்பில் இஎல்84, இஎல்34, 6எல்6, 6வி6 போன்ற பெரியவற்றையும் பார்க்கலாம்.

அதே வேலையைச் சிறு குறைக்கடத்தித் துண்டுக்குள் செய்து முடிப்பது டிரான்சிஸ்டர். 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. சூடேற்ற வேண்டியதில்லை, உயர் மின்னழுத்தம் தேவையில்லை, எளிதில் பழுதாகாது. டிரான்சிஸ்டரால் ஆன ஆம்பைத்தான் சாலிட் ஸ்டேட் ஆம்ப் என்கிறோம்.

அப்படியானால் 1960களிலேயே ட்யூப் ஆம்புகள் காணாமல் போயிருக்க வேண்டுமே? ரேடியோவிலும் தொலைக்காட்சியிலும் அதுதான் நடந்தது. கிட்டார் உலகத்தில் மட்டும் நடக்கவில்லை. 1966இல் ஃபெண்டர் நிறுவனம் டிரான்சிஸ்டர் ஆம்புகளைப் பெரிய விளம்பரத்தோடு சந்தைக்குக் கொண்டுவந்தது. அவை அடிக்கடி பழுதாயின. ஒலியும் கிட்டார்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. சில ஆண்டுகளில் அந்த வரிசையே நின்றுபோனது. பழுதைப் பிற்காலப் பொறியாளர்கள் சரிசெய்துவிட்டார்கள். ஒலி பற்றிய புகாருக்கு வேறொரு காரணம் இருந்தது.

எந்த ஆம்புக்கும் ஒரு எல்லை உண்டு. அதற்கு மேல் பெரிதாக்கச் சொன்னால் ஒலியலையின் உச்சி வெட்டுப்படும். இதற்குப் பெயர் கிளிப்பிங். காதுக்கு அது கரகரப்பாகக் கேட்கும். ராக், புளூஸ் இசையில் நாம் ரசிக்கும் ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன் எல்லாம் இந்த வெட்டுதான். ஆகவே ஆம்ப் தன் எல்லைக்குள் எப்படி ஒலிக்கிறது என்பதைவிட, எல்லையை எப்படித் தாண்டுகிறது என்பதில்தான் கிட்டார்காரருக்கு அக்கறை அதிகம்.

ட்யூப் ஆம்ப் எல்லையை நெருங்கும்போதே அலையின் உச்சியை வளைக்கத் தொடங்கிவிடும். மெதுவாக மீட்டினால் தெளிவு. கொஞ்சம் அழுத்தினால் லேசான கரகரப்பு. ஓங்கி அடித்தால் முழு டிஸ்டார்ஷன். இடையில் எங்கே ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கியது என்று சொல்ல முடியாது. பழைய வகை ஆம்புகளில் இன்னொன்றும் நடக்கும். ஓங்கி ஒரு கார்டு (பல தந்திகளைச் சேர்த்து மீட்டும் ஸ்வரக்கூட்டு) அடித்ததும் உள்ளிருக்கும் மின்வழங்கி ஒரு கணம் தளர்ந்து, பிறகு மீளும். அடியின் முதல் வேகம் அமுங்கி, நாதம் பின்னால் பெருகி வருவதுபோல் விரலுக்குத் தெரியும். ட்யூப் ஆம்ப் வாசிக்கும் கைக்கு ஏற்ப நடந்துகொள்கிறது என்று பலர் சொல்வது இந்த அனுபவத்தைத்தான்.

வழக்கமான டிரான்சிஸ்டர் பவர் ஆம்ப் எல்லை வரைக்கும் அப்பழுக்கில்லாமல் போகும். எல்லையைத் தொட்டதும் அலையைச் சட்டென்று தட்டையாக வெட்டிவிடும். அந்த வெட்டு காதைக் கீறும். இதனால்தான் 15 வாட் ட்யூப் ஆம்ப் 50 வாட் டிரான்சிஸ்டர் ஆம்பை விடச் சத்தமாக இருக்கிறது என்று சொல்கிறார்கள். வாட் என்பது இரண்டுக்கும் ஒரே அளவுதான். ட்யூப் ஆம்பை அதன் எல்லைக்கு அப்பாலும் ஓட்டி ரசிக்க முடிகிறது; டிரான்சிஸ்டர் ஆம்பை எல்லைக்கு உள்ளேயே வைத்திருக்க வேண்டியிருக்கிறது. ட்யூப் இரட்டைப்படை ஹார்மோனிக்குகளை (மூலச் சுருதியின் மடங்குகளில் கூடவே எழும் மேல்ஒலிகளை) தரும், டிரான்சிஸ்டர் ஒற்றைப்படையைத் தரும் என்றொரு சூத்திரமும் வலம் வருகிறது. அதை அப்படியே நம்ப வேண்டாம். இரண்டு பவர் ட்யூப்கள் எதிரெதிராக இயங்கும் ஆம்புகளில், பவர் ஆம்ப் பகுதி உண்டாக்கும் இரட்டைப்படை ஹார்மோனிக்குகள் பெருமளவு ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. புகழ்பெற்ற ட்யூப் ஆம்புகளில் பெரும்பாலானவை அந்த வகைதான்.

அதிகம் பேசப்படாத வேறுபாடு ஸ்பீக்கரோடு இருக்கும் உறவு. ஸ்பீக்கரின் மீது 8 ஓம் என்று எழுதியிருந்தாலும் அந்த மின்தடை எல்லாச் சுருதியிலும் 8 ஆக இருப்பதில்லை. கீழே ஓரிடத்திலும், மேலே போகப் போகவும் ஏறும். ட்யூப் ஆம்ப் அந்த ஏற்றத்துக்கு இணங்கி, அவ்விடங்களில் கூடுதலாக ஒலிக்கும். அடிக்கனமும் மேல்சுருதியின் மினுக்கும் அதிலிருந்து வருகின்றன. சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்ப் ஸ்பீக்கரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இப்போதைய நல்ல டிரான்சிஸ்டர் கிட்டார் ஆம்புகள் இந்த இணக்கத்தையும் மின்சுற்றின் மூலமே உண்டாக்கிவிடுகின்றன. பழைய ஆம்பை வைத்துப் பிறந்த வெறுப்பைப் புதியவற்றின் மேல் சுமத்துவது நியாயமில்லை என்பதற்கு இது ஒரு காரணம்.

இனி அறைக்கு வருவோம்.

கிட்டார் ஸ்பீக்கர்கள் மிகுந்த திறன் கொண்டவை. பொதுவான ஒரு 12 அங்குல ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தால், ஒரு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 97 டெசிபெல் ஒலி வரும். நாம் உட்கார்ந்து பேசும் பேச்சு சுமார் 60 டெசிபெல். 85 டெசிபெல்லில் எட்டு மணி நேரம், அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் பாதி நேரம் என்பது காதைக் காக்கப் பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. அதன்படி 97 டெசிபெல்லை அரை மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது. அதுவும் ஒரு வாட்டுக்கு. வாட்டை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபெல் கூடும். பத்து மடங்காக்கினால் 10 டெசிபெல் கூடும், காதுக்கு ஏறக்குறைய இருமடங்குச் சத்தமாகத் தோன்றும். 100 வாட் ஆம்ப் 50 வாட் ஆம்பை விட இரண்டு மடங்கு சத்தம் போடாது. 5 வாட் ட்யூப் ஆம்பும் வீட்டுக்குப் பணிவான ஆம்ப் இல்லை.

ட்யூப் ஆம்பின் அருமை வெளிப்படுவது, பவர் ட்யூப்கள் எல்லையை நெருங்கும்போது. 15 வாட் ஆம்பில் அந்த நிலை வருவதற்குள் அண்டை வீட்டுக் கதவு திறந்துவிடும். வால்யூமை ஒன்றுக்கும் கீழே வைத்து வாசித்தால், ட்யூப்புக்காகக் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி பயன்படாமலே கிடக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பின் படுக்கையறையில், இரவு ஒன்பது மணிக்கு மேல் பயிற்சி செய்யப் போகும் ஒருவருக்கு முதல் ஆம்பாக ட்யூப் ஆம்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். மேளம் அடிக்கும் நண்பரோடு வாரந்தோறும் ஒத்திகை பார்ப்பவராக இருந்தால் என் பதில் மாறும். டிரம்ஸுக்கு ஈடுகொடுக்க 15 வாட் ட்யூப் ஆம்ப் பெரும்பாலும் போதும். டிரான்சிஸ்டர் என்றால் 50 வாட்டுக்குக் குறையாமல் பாருங்கள்.

இதைக் காதாலேயே அறிய ஒரு சோதனை உண்டு. இசைக்கருவிக் கடையில் சிறிய ட்யூப் ஆம்ப் ஒன்றை வாசித்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். உங்கள் கிட்டாரையே கொண்டுபோவது நல்லது. சுவிட்சைப் போட்டதும் ஒலி வராது. ட்யூப்கள் சூடேற அரை நிமிடம் ஆகும். ஒலியை மாற்றக் காலால் மிதிக்கும் பெடல் எதுவும் வேண்டாம். கிட்டாரின் வால்யூமை முழுதாகத் திறந்து, ஆம்பின் வால்யூமை இரண்டில் வைத்து, இ மேஜர் கார்டை மெல்ல வருடுங்கள். ஆறு தந்தியும் தனித்தனியாகக் கேட்கும். இப்போது ஆம்பை ஆறுக்கு ஏற்றி அதே கார்டை ஓங்கி அடியுங்கள். ஓரங்களில் கரகரப்பு ஏறி, நாதம் தடித்து, நீண்டு ஒலிக்கும். ஆம்பைத் தொடாமல் கிட்டாரின் வால்யூமை மட்டும் பத்திலிருந்து ஐந்துக்கு இறக்குங்கள். கரகரப்பு விலகித் தெளிவு திரும்பும். பக்கத்திலிருக்கும் சாலிட் ஸ்டேட் ஆம்பிலும் கெயினை (ப்ரீஆம்ப் எவ்வளவு பெரிதாக்குகிறது என்பதை மாற்றும் திருகை) கூட்டி வைத்து இதையே செய்து பாருங்கள். வேறுபாடு இருந்தால் இந்தக் கடைசிப் படியில்தான் தெளிவாகத் தெரியும். பிறகு இரண்டையும் வீட்டில் வாசிக்கும் அளவுக்குக் குறைத்துக் கேளுங்கள். பலருக்கு அப்போதே முடிவு தெரிந்துவிடும்.

டிரான்சிஸ்டர் ஆம்ப் என்றாலே ஏழைக்கான மாற்று என்று நினைப்பவர்களுக்குச் சில பெயர்களைச் சொல்ல வேண்டும். புளூஸ் மேதை பி.பி. கிங் நெடுங்காலம் விரும்பி வாசித்த லேப் சீரிஸ் எல்5 டிரான்சிஸ்டர் ஆம்ப்தான். பான்டெரா குழுவின் டைம்பேக் டாரெல், கேட்டதும் அடையாளம் தெரியும் அந்தக் கூர்மையான ஹெவி மெட்டல் ஒலியை ராண்டால் டிரான்சிஸ்டர் ஆம்பிலிருந்துதான் எடுத்தார். 1975இல் வந்த ரோலண்டின் ஜாஸ் கோரஸ் ஜேசி-120, தெளிவான ஒலிக்கு இன்றைக்கும் உரைகல்லாக இருக்கிறது. அதன் பெருமையே உடையாத தெளிவுதான். அங்கே டிரான்சிஸ்டரின் இயல்பு குறையாக இல்லாமல் பலமாகிறது.

ட்யூப் ஒலியைப் போற்றுபவர்களின் காலடியில் கிடக்கும் பெடல்களையும் பாருங்கள். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வாசித்த ஃபஸ் ஃபேஸ் பெடலுக்குள் இருப்பவை இரண்டு டிரான்சிஸ்டர்கள். உலகெங்கும் கிட்டார்காரர்கள் பயன்படுத்தும் ஐபனெஸ் ட்யூப் ஸ்கிரீமர், பெயரில் ட்யூப்பை வைத்துக்கொண்டிருந்தாலும், உள்ளே வைத்திருப்பது ஒரு சிறு சிப்பும் சிலிக்கான் டயோடுகளும். நம் காதில் பதிந்த ட்யூப் ஒலியில் பாதி, டிரான்சிஸ்டர்கள் முன்னால் நின்று ட்யூப்களை உசுப்பிவிட்டதால் வந்தது.

மூன்றாவது வகையும் வந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. புகழ்பெற்ற ஆம்புகளின் நடத்தையைக் கணக்கீடு வழியே நகலெடுக்கும் டிஜிட்டல் மாடலிங் ஆம்புகள் அவை. 1996இல் லைன் 6 நிறுவனம் தொடங்கிவைத்த இந்த வகை, முதல் பத்தாண்டுகளில் செயற்கையாகவே ஒலித்தது. இப்போது குறைந்த சத்தத்தில் வாசிக்கும்போது ட்யூப் ஆம்புக்கும் நல்ல மாடலிங் ஆம்புக்கும் உள்ள இடைவெளி, தொடங்குபவர் கவலைப்படத் தக்கதாக இல்லை. பாஸ் நிறுவனத்தின் கட்டானா 50 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 12 அங்குல ஸ்பீக்கர், ஹெட்ஃபோன் வசதி, ஆற்றலை அரை வாட்டுக்குக் குறைக்கும் சுவிட்ச் மூன்றும் அதில் உண்டு. 15 வாட் ட்யூப் ஆம்பான ஃபெண்டர் புளூஸ் ஜூனியரோடு ஒப்பிட்டால் விலை பாதிக்கும் குறைவு. நூறு ஒலிகளை நிரப்பித் தரும் ஆம்புகளைவிட, நாலைந்து நல்ல ஒலியும் நேரடித் திருகுகளும் உள்ள ஆம்பே கற்றுக்கொள்பவருக்கு ஏற்றது. பட்டியலைப் புரட்டுவதில் பயிற்சி நேரம் போய்விடக் கூடாது.

குறைந்த பணத்தில் வாங்குபவர் கண் வைக்க வேண்டியது ஸ்பீக்கரின் அளவில். ட்யூபா டிரான்சிஸ்டரா என்பதை விட இது ஒலியை அதிகம் மாற்றும். ஒரே ஆம்பை மூன்று அங்குல ஸ்பீக்கரிலும் 12 அங்குல ஸ்பீக்கரிலும் இணைத்துக் கேட்டால் இரண்டு வெவ்வேறு ஆம்புகள் போலிருக்கும். பேட்டரியில் ஓடும் கையடக்க ஆம்புகள் பயணத்துக்கு உதவும். அவற்றை மட்டுமே நம்பியிருந்தால் அடித்தந்திகளின் கனம் காதுக்குப் பழகாமலே போய்விடும். எட்டு அங்குலத்துக்குக் குறையாமல் வாங்குங்கள். ஆரஞ்ச் கிரஷ் 20, ஃபெண்டர் சாம்பியன் 20 இரண்டும் அந்த அளவில் நம்பகமானவை. சத்தமே கூடாத வீடென்றால், கிட்டாரில் நேரடியாகச் செருகும் ஹெட்ஃபோன் ஆம்ப் ஒன்று போதும். முழுப் பணத்தையும் ஆம்பில் போட்டுவிடாதீர்கள். விலை குறைந்த கிட்டாரை நல்ல பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துத் தந்தியின் உயரத்தையும் கழுத்தின் வளைவையும் சரிசெய்து, புதுத் தந்தி மாட்டி, ஓரளவு நல்ல கேபிளும் ஒரு ட்யூனரும் வாங்கிக்கொண்டால், அந்தச் சிறு செலவு வாசிப்பில் உடனே தெரியும்.

ட்யூப் ஆம்ப் வாங்கியே தீருவது என்று முடிவெடுத்தவர்களுக்கும் வாழ்த்து. அந்த ஒலியின் மேல் எனக்கும் தீராத காதல் உண்டு. ஆனால் அதை வளர்க்கும் செலவைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். ட்யூப்கள் தேயும். அடிக்கடி வாசித்தால் பவர் ட்யூப்களைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சில ஆம்புகளில் மாற்றிய பிறகு பயஸ் அளவையும், அதாவது சிக்னல் இல்லாதபோது ட்யூப்பில் ஓடும் மின்னோட்டத்தையும், சரிபார்க்க வேண்டும். இன்றைக்குக் கிட்டார் ட்யூப்கள் பெரும்பாலும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா என்ற மூன்று நாடுகளிலிருந்துதான் வருகின்றன. 2022இல் ரஷ்ய ஏற்றுமதி தடைப்பட்டபோது உலகம் முழுவதும் கிட்டார்காரர்கள் ட்யூப் தேடி அலைந்தார்கள். ஸ்பீக்கரை இணைக்காமல் ட்யூப் ஆம்பை ஓட்டக் கூடாது. அவுட்புட் டிரான்ஸ்பார்மர் எரிந்துபோகலாம். பழுதென்றால் நீங்களே மூடியைத் திறக்கவும் கூடாது. உள்ளே 300, 400 வோல்ட் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கிகளில் அது தங்கியிருந்து உயிருக்கே ஆபத்து விளைவிக்கும். ஆகவே உங்கள் ஊரில் ட்யூப் மின்சுற்று தெரிந்த மெக்கானிக் இருக்கிறாரா என்பதை ஆம்ப் வாங்குவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

பழைய ஆம்ப் வாங்குவது பணத்தை மிச்சப்படுத்தும் நல்ல வழி. குறிப்பாகச் சாலிட் ஸ்டேட் ஆம்புகள் பத்து, இருபது ஆண்டு ஆனாலும் சலிக்காமல் உழைக்கும். விலை மட்டும் பாதியாகிவிட்டிருக்கும். ஒவ்வொரு திருகையும் முழுக்கச் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் பெரும்பாலும் தூசிதான், சுத்தம் செய்தால் போய்விடும். கிட்டாரை இணைக்காமலே பெரிதாக ரீங்காரம் கேட்டாலும், கேபிளை அசைக்கும்போது ஒலி அறுந்து வந்தாலும் விலையைக் குறைத்துப் பேசுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். கால் மணி நேரமாவது ஓடவிட்டுக் கேளுங்கள்; சில கோளாறுகள் சூடான பிறகுதான் வெளிவரும். பிளக்கின் மூன்றாவது பின்னை வெட்டியெறிந்த ஆம்பை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். தந்தியைத் தொட்டிருக்கும் உங்கள் கைக்கும் மின்சாரத்துக்கும் நடுவே இருக்கும் பாதுகாப்பு அந்த எர்த் இணைப்புதான்.

அமெரிக்காவிலோ கனடாவிலோ இருக்கும் உறவினர் ஆம்ப் வாங்கி வருகிறேன் என்று சொன்னால், பின்பலகையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அங்கே 120 வோல்ட். இந்தியாவிலும் இலங்கையிலும் 230. பின்பலகையில் 120 வோல்ட் மட்டும் இருந்தால், இங்கே நேரடியாகச் செருகிய கணத்தில் ஃபியூஸ் போகும், அதோடு நிற்காமல் உள்ளேயும் எரியலாம். மின்னழுத்தத்தைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் ஒன்று வாங்க வேண்டும். அதன் திறனை ஆம்பின் 15 வாட்டோ 40 வாட்டோ வைத்துக் கணக்கிடாதீர்கள். அது ஸ்பீக்கருக்குப் போகும் ஆற்றல். சுவரிலிருந்து எவ்வளவு இழுக்கிறது என்பது பின்பலகையில் தனியாக எழுதியிருக்கும், ட்யூப் ஆம்பில் அது பல மடங்கு அதிகம். அந்த எண்ணைப் போல் ஒன்றரை மடங்கு திறனுள்ளதாக வாங்குங்கள். அதன் பக்கத்திலேயே 50/60 ஹெர்ட்ஸ் என்றிருக்கிறதா என்றும் பாருங்கள். 60 மட்டும் இருந்தால், நம்முடைய 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஆம்பின் டிரான்ஸ்பார்மர் கூடுதலாகச் சூடேறும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மரின் விலையையும் எடையையும் விமானக் கட்டணத்தையும் கூட்டிப் பார்த்தால், பல நேரங்களில் அதே ஆம்பை உள்ளூர்க் கடையில் உத்தரவாதத்தோடு வாங்குவதே மலிவாக முடியும்.